அப்புறம் பார்த்துக்கலாம்!

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். "பார்க்கணும், பார்க்கணும்" என்று சேர்த்து மட்டும் வைத்திருக்கும் படங்களை எல்லாம் அதில் வரிசையாகத் தட்டினேன். அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத டிவிடிகள், ஓடிடி ஆப்களின் வாட்ச் லிஸ்ட்டில் தூங்குகிறவை, புத்தகத்தில் படித்துவிட்டு டைரியில் குறித்துக்கொண்டவை. தட்டி முடித்து எண்ணிப் பார்த்தால் 317. பார்த்த படம் இல்லை சாமி, பார்க்காத படம் மட்டும் 317! வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டாலும் ஆறு வருஷத்துக்கு மேல் வரும், அதுவும் புதுசாக ஒன்றுகூடச் சேர்க்காமல் இருந்தால்.

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் கையில் லிஸ்ட் கிடைத்தால் என்ன செய்வான்? சார்ட் பண்ணுவான். வருஷ வாரியாக ஏறுவரிசையில் அடுக்கினேன். பழசிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டுவது என்று சபதம். அங்கேதான் முதல் அடி விழுந்தது. மேலே வந்து நின்ற படங்களில் பலவற்றை நான் மட்டுமில்லை, இனி யாராலுமே பார்க்க முடியாது. அந்தப் படங்களே உலகத்தில் இல்லை.

இந்தப் புலம்பலை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் ரொம்ப சாதாரணமாக, "நான்கூட பரண்ல ஒரு பெட்டி நிறைய வெச்சிருக்கேன்டா. ரிட்டயர் ஆனதும் பார்க்கலாம்னு" என்றார். அவர் ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. :-)

அந்தப் பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், மண்டையைக் குடைந்த ஒரு கேள்வி. இந்தப் 'பார்க்காத படங்களின் பாக்கி' மனுஷனுக்கு எப்போது வந்தது? தாத்தா காலத்தில் யாருக்காவது இப்படி ஒரு பாக்கி இருந்திருக்குமா? கொஞ்ச நாளாக அதைத் தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

*

முதலில் 'அப்புறம்' என்ற வார்த்தைக்கே சினிமாவில் இடமில்லாத காலம்.

1895 டிசம்பர் 28ல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஆறே மாசத்தில், 1896 ஜூலை 7ல் அந்தப் படங்கள் பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டன. நம்ம பக்கத்தில் இந்த வித்தையை ஊர் ஊராக எடுத்துப் போனவர் கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் கொஞ்சம் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். போகிற ஊரில் கூடாரம் அடிப்பார், படம் காட்டுவார், கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டிய பிறகுதான் ஓரிடத்தில் நிலையாகக் காட்ட ஆரம்பித்தார்.

அந்தக் கூடாரத்தின் எதிரே நின்ற ஒருத்தர் "இன்னிக்கு வேலை இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூடாரம் போயே போச்சு. திருவிழாவுக்கு வந்த யானை மாதிரி. பார்த்தவன் பார்த்தான், பார்க்காதவன் கதை கேட்டுக்கொண்டான். ஆக, பார்க்காத படம் ஒரு 'பாக்கி' ஆக முடியாது. அது வெறும் நஷ்டம்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், படம் எடுத்தவர்களுக்கே 'அப்புறம்' என்ற நினைப்பு இல்லை. ஓடி முடித்த படம் அவர்களுக்குப் பழைய பேப்பர் மாதிரி. சுருளில் இருக்கும் வெள்ளியை உருக்கி எடுத்தால் காசு, குடோனில் வைத்திருந்தால் வாடகைச் செலவு. எது லாபம்? வெள்ளிதான். நிலாவின் கண்ணில் ராக்கெட் போய்க் குத்தும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். 1902ல் அந்தப் படத்தை எடுத்த ஜார்ஜ் மெலியெஸ் ஐந்நூறுக்கு மேல் படம் எடுத்தவர். கடனில் மூழ்கி, ஸ்டூடியோவும் தியேட்டரும் கைவிட்டுப் போன 1923ல், தன்னிடம் இருந்த நெகட்டிவ்களைத் தானே கொளுத்தினார். பிறகு பாரிஸ் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை போட்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவர் படங்களில் மிஞ்சியிருப்பவை இருநூறு சொச்சம். அதுவும் மற்றவர்கள் கையில் இருந்த பிரதிகளால்.

கொளுத்தாமல் விட்டாலும் பிழைக்கும் என்று நிச்சயமில்லை. 1950களின் தொடக்கம் வரை படச்சுருள் என்பது நைட்ரேட். துப்பாக்கிப் பருத்திக்கு நெருங்கிய சொந்தம். எரிய ஆரம்பித்தால் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும், தண்ணீரில் முக்கினாலும் அணையாது. எரியாவிட்டால் தானாகவே மட்கும். முதலில் பிசுபிசுப்பு, அப்புறம் பாகு, கடைசியில் பழுப்புத் தூள். 1937 ஜூலையில் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்தபோது அவர்களுடைய மௌனப் படங்களில் பெரும்பகுதி ஒரே ராத்திரியில் காலி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் 10,919. முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியிருப்பவை 14 சதவீதம். அவ்வளவு பணம் புழங்கிய ஹாலிவுட்டிலேயே கதை இது.

*

இப்போது நம்ம எக்செல் ஷீட்டின் மேல் வரிசைக்கு வருவோம்.

'கீசக வதம்'. 1910களின் பிற்பாதியில் ஆர்.நடராஜ முதலியார் எடுத்தது. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், கேமராப் பைத்தியம் பிடித்து, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டார். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப் படம். பிரதி இல்லை.

'ஆலம் ஆரா'. 1931 மார்ச் 14ல் பம்பாய் மெஜஸ்டிக்கில் வந்த இந்தியாவின் முதல் பேசும் படம். பிரதி இல்லை.

'காளிதாஸ்'. அதே 1931, அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம். நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். இதை ஒரு தடவையாவது பார்த்துச் சிரிக்கணும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. பிரதி இல்லை.

அப்படியானால் இந்தப் படங்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், பழைய பத்திரிகை விளம்பரங்கள், விமர்சனங்கள், ஸ்டில்கள், பார்த்தவர்கள் சொல்லிவைத்த ஞாபகங்கள். தியடோர் பாஸ்கரன் மாதிரி ஆட்கள் இவற்றையெல்லாம் தேடிச் சேர்த்துத்தான் தமிழ் சினிமா வரலாற்றையே எழுதினார்கள். அதாவது படம் போய்விட்டது, பார்த்தவர்கள் விட்டுப்போன தடயம் மட்டும் இருக்கிறது. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தச் சோகத்துக்கு நடுவில் ஒரு தமாஷ். தென்னிந்திய மௌனப் படங்களில் இன்றும் பார்க்கக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி.ராவ் இயக்கி 1933ல் வெளியானது. நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக டிப்போ கேஸ் போட்டு, வெளியான வேகத்தில் படத்தை முடக்கிவிட்டது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, பிறகு வெள்ளிக்கு உருக்கப்பட்ட மற்ற படங்கள் எல்லாம் போய்விட்டன. ஓட முடியாமல் பெட்டிக்குள் கிடந்தது பிழைத்துக்கொண்டது! 1974ல் அந்தப் பிரதி புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுந்தர்ராஜுக்குப் படம் நஷ்டம், நமக்கு லாபம்.

*

'அப்புறம்' என்ற வார்த்தைக்கு முதலில் உயிர் கொடுத்தவர்கள் சில பைத்தியக்காரர்கள். மரியாதையாகத்தான் சொல்கிறேன்.

பாரிஸில் ஹென்றி லாங்குலா. 1936ல் நண்பர்களோடு சினமாதெக் பிரான்சேஸ் என்ற காப்பகத்தை ஆரம்பித்தார். படச்சுருளை வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளியல் தொட்டியில் போட்டு வைத்தார் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்தபோது படங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்.

இந்தியாவில் பி.கே.நாயர். 1964ல் புனேயில் ஆவணக் காப்பகம் தொடங்கியதிலிருந்து 1991ல் ஓய்வு பெறும்வரை, சேர்ப்பது ஒன்றே வேலையாக இருந்தார். பழைய பேப்பர்க்காரர், மூடிய தியேட்டர், தயாரிப்பாளர் வீட்டுக் கொல்லை என்று அலைந்து சுமார் 12,000 படங்கள் சேர்த்தார். பால்கேயின் படங்களில் நாம் இன்று பார்க்கிற துண்டுகள் மிஞ்சியது நாயர் நாசிக்கில் பால்கே குடும்பத்தாரைத் தேடிப் போனதால்தான். நல்ல படம், மோசமான படம் என்று அவர் பார்க்கவில்லை. எல்லாமே வேணும். அவர் 2016ல் காலமானார். ஷிவேந்திர சிங் துங்கர்பூர் அவரைப் பற்றி எடுத்த 'செல்லுலாய்ட் மேன்' (2012) என் ஷீட்டில் 'பார்த்தாச்சு' பக்கத்துக்கு நகர்ந்த முதல் படம். அத்தனை சேர்த்தும் முழு நிம்மதி இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் படங்கள் வைத்திருந்த கிடங்கு தீப்பிடித்து, சேர்த்ததில் ஒரு பகுதி சாம்பலானது.

இவர்கள் மாதிரி ஆட்களால் உலகத்தில் சில 'அப்புறம்'கள் நம்ப முடியாத அளவுக்கு நீண்டன. கார்ல் டிரேயரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' படம் (1928). வெளியான வருஷமே நெகட்டிவ் பெர்லினில் தீக்கிரை. மனுஷர் விடவில்லை. ஒதுக்கிவைத்த டேக்குகளைக் கோர்த்து இன்னொரு பிரதி தயாரித்தார். அதுவும் தீக்கிரை! 1968ல் அவர் செத்துப்போனார். 1981ல் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது முதல் வடிவத்தின் பிரதி அப்படியே கிடைத்தது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927ல் வெளியான கையோடு வெட்டப்பட்டது. வெட்டிய காட்சிகள் 2008ல் புவனோஸ் ஐரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு 16 எம்எம் சுருளில் கிடைத்தன. 81 வருஷம்! இந்தப் பாக்கிகளுக்கு முன்னால் என் 317 எல்லாம் எம்மாத்திரம்?

*

இதெல்லாம் காப்பகங்களின் பாக்கி. என்னை மாதிரி, எங்கப்பா மாதிரி சாதாரண ஆட்களுக்குப் பாக்கி வைக்கும் வசதி வந்தது எப்போது? 1975ல். சோனி பீட்டாமேக்ஸை இறக்கியது. அடுத்த வருஷம் ஜேவிசியின் விஎச்எஸ்.

இவர்கள் விளம்பரம் செய்த விதமே அலாதி. ஒரே நேரத்தில் இரண்டு சேனலில் இரண்டு துப்பறியும் தொடர் வருகிறதா? கொலம்போவைப் பாருங்கள், கோஜாக்கைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். இரண்டுமே யுனிவர்சல் ஸ்டூடியோ தயாரிப்புகள். கடுப்பான யுனிவர்சல், டிஸ்னியையும் சேர்த்துக்கொண்டு 1976ல் சோனி மேல் வழக்குப் போட்டது. டிவியில் வருவதை அனுமதி இல்லாமல் பதிவு செய்வது திருட்டு, திருட்டுக்குக் கருவி விற்பதும் குற்றம் என்று வாதம்.

1979ல் கீழ்க் கோர்ட்டில் சோனி ஜெயித்தது. 1981ல் மேல் முறையீட்டில் ஸ்டூடியோக்கள் ஜெயித்தன. கடைசியில் உச்ச நீதிமன்றம். 1984 ஜனவரி 17ல் தீர்ப்பு. வீட்டில் இருக்கிற ஒருத்தர், இப்போது பார்க்க முடியாததை வேறொரு நேரத்தில் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது நியாயமான உபயோகம்தான், இந்தக் கருவியை விற்கலாம் என்றார்கள். 'டைம் ஷிஃப்டிங்' என்று இதற்குப் பெயர். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து சேர்ந்து பார்ப்பது நல்லதுதானே என்று சாட்சி சொன்னதைத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார்கள். ஓட்டு எவ்வளவு தெரியுமா? 5க்கு 4. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் உரிமை அமெரிக்காவில் ஒரே ஒரு ஓட்டில் பிழைத்தது! இதில் காமெடி, எந்தக் கருவியைத் தடை செய்யச் சொன்னார்களோ அதே கருவிக்குக் கேசட் விற்றுத்தான் அடுத்த சில வருஷங்களில் அதே ஸ்டூடியோக்கள் கொழித்தன.

நம்ம ஊரில் கதை வேற மாதிரி. (இனி கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தல். எனக்கு இல்லை, எங்க அப்பா அம்மாவுக்கு. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.) 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் டிவி வந்தது, பின்னாலேயே 'டெக்' வந்தது. ஆனால் அது பெரும்பாலும் வாடகை டெக். கல்யாணம், வளைகாப்பு, லீவு நாள் என்றால் டிவியும் டெக்கும் மூணு கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகை. விடிந்தால் திருப்பணும். அதனால் மூணு படத்தையும் தூங்கி விழுந்தாவது பார்த்தே ஆகணும். தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காக்காரன் நேரத்தைத் தள்ளிப் போடுவதற்கு டெக் வாங்கினான், நம்ம ஆட்கள் தள்ளிப் போடவே முடியாத மாதிரி டெக் எடுத்தார்கள். மறுபடியும் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம்தான், வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். வாடகை டெக்கில் பாக்கி விழாது.

சொந்த டெக் வாங்கினவர்களுக்குத்தான் பாக்கி. எங்கப்பா 1989ல் பர்மா பஜாரில் ஒன்று வாங்கித் திருச்சிக்குத் தூக்கி வந்தார். காரணம், ஞாயிற்றுக்கிழமை. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு மாநில மொழிப் படம் போடுவார்கள், ஞாபகம் இருக்கா? அசாமி, வங்காளம் என்று சுற்றித் தமிழ் முறை எப்போது வரும் என்று ஊரே காத்திருக்கும். மற்ற மொழி என்றால் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை. அப்பாவுக்கு நேர் எதிர் ஆசை, அந்த மற்ற மொழிப் படங்கள்தான் வேண்டும். ஆனால் ஷிப்ட் வேலை, பாதி ஞாயிறு டூட்டி. அதனால் டெக்கில் டைமர் வைத்துப் பார்த்தார், கரண்ட் போனால் டைமரும் போச்சு. கடைசியில் அம்மாவிடம் ரெக்கார்டு பட்டனைக் காட்டிக் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனார்.

*

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனதும் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். 22 கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் அப்பாவின் அழகான கையெழுத்தில் லேபிள். 'கன்னடம் - வம்ச விருட்சா'. 'கன்னடம் - கடஷ்ராத்தா'. 'மலையாளம் - தம்பு'. 'மலையாளம் - எலிப்பத்தாயம்'. எல்லாம் கனமான சரக்கு.

"இதுல எத்தனைப்பா பார்த்தீங்க?"

"ரெண்டோ மூணோ. டூட்டி முடிஞ்சு வந்தா மனசு லேசா ஏதாவதுதானே கேக்குது. இதெல்லாம் உக்காந்து பார்க்க வேண்டிய படம்டா."

1999ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சொல்கிறது. இன்றைக்கே பார்க்கப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஜாலியான படத்தைத் தொடுகிறார்கள். சில நாள் கழித்துப் பார்க்கத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' மாதிரி கனமான படத்தைத் தொடுகிறார்கள். நாளைக்கு இருக்கப் போகிற 'நான்' இன்றைக்கு இருக்கிறவனைவிடப் பொறுப்பானவன் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அந்த நல்லவன் வருவதே இல்லை. என் ஷீட்டிலும் பெர்க்மன் பதினோரு படம் நிற்கிறார், பாவம்.

கேசட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே நாடா ஓரமாக வெள்ளையாகப் பூஞ்சை. விஎச்எஸ் நாடா என்பது பிளாஸ்டிக் மேல் காந்தத் துகளைப் பசை போட்டு ஒட்டியது. நம்ம ஊர் ஈரத்தில், பரண் புழுக்கத்தில், பூஞ்சை அந்தப் பசையிலேயே குடித்தனம் நடத்தும். ஓட்டிப் பார்க்க டெக்கும் இல்லை, எங்களுடையது எப்போதோ எடைக்குப் போயாச்சு. உலகத்திலேயே கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழைய கல்யாண கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தே சொன்னார், "இதை இப்படியே ஓட்டினா என் ஹெட்டு போயிடும் தம்பி. சுத்தம் பண்ணித்தான் பார்க்கணும், வந்தா உண்டு." 22ல் தேறியது 9.

வெறும் டிவி ரெக்கார்டிங்தானே, ஒரிஜினல் எங்கேயாவது பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் நிச்சயமில்லை. அரவிந்தனின் 'தம்பு' 1978ல் வந்த படம், நேற்று வந்தது மாதிரி. அதன் கேமரா நெகட்டிவே இல்லை. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் புனே காப்பகத்தில் இருந்த பிரதியிலிருந்து மீட்டெடுத்து 2022ல் கான் விழாவில் காட்டினார்கள். கிரீஷ் காசரவள்ளியின் 'கடஷ்ராத்தா' (1977) 2024ல் வெனிஸில் மறுபிறவி எடுத்தது. நைட்ரேட் காலத்தோடு இந்த வியாதி ஒழியவில்லை. இப்போதைய ஓடிடியும் சாஸ்வதம் இல்லை. தபாலில் டிவிடி அனுப்பி ஆரம்பித்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்தச் சேவையையே மூடியது. என் வாட்ச் லிஸ்ட்டில் இருந்த படங்கள் சில, உரிமம் முடிந்து சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கின்றன. குறித்து வைத்த பெயர் இருக்கிறது, அழுத்தினால் ஒன்றுமில்லை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தேறிய ஒன்பதில் 'எலிப்பத்தாய'த்தைப் போட்டோம். அடூர் கோபாலகிருஷ்ணன், 1981. பழைய தறவாட்டு வீட்டில் உண்ணி என்று ஓர் ஆள். நம்ம சாரதா அவருக்குத் தங்கை. மனுஷர் எதையுமே செய்ய மாட்டார். வழியில் சேறு கிடந்தால் தாண்டாமல் திரும்பி வந்துவிடுவார். எல்லாம் அப்புறம், எல்லாத்துக்கும் தங்கைகள். வீட்டில் எலி மாட்டினால் கடைசித் தங்கை எலிப்பொறியைக் குளத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் முக்கி எடுப்பாள். அப்பா 35 வருஷம் தள்ளிப்போட்ட படத்தை நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு காலியாகி, உண்ணி தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒடுங்குகிற இடம் வரும்போது படம் ஆட ஆரம்பித்தது. கோடு கோடாக, பிறகு புள்ளி புள்ளியாக, பிறகு ஒன்றுமே இல்லை. பூஞ்சை தின்றது அந்தக் கடைசிப் பகுதியை. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாங்க. "அப்புறம் ஊர்க்காரங்க கதவை உடைச்சு உள்ள வந்து, அவனை எலி மாதிரியே தூக்கிட்டுப் போய்க் குளத்துல போடுவாங்க. நடுங்கிக்கிட்டே எழுந்து வந்து கையைக் கூப்புவான். அதோட முடிஞ்சிடும்."

நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"உனக்கு எப்படித் தெரியும்?" அப்பாதான் கேட்டார்.

"ரெக்கார்டு போட்டுட்டு நான் எங்க போறது? விளம்பரம் வந்தா நிறுத்தணும், முடிஞ்சா திரும்பப் போடணும்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க. எல்லாப் படத்தையும் பக்கத்துலயே உக்காந்து பார்த்தேன். பாஷை பாதிதான் புரியும்."

22 படம்! எங்க வீட்டில் மாநில மொழிப் படங்களின் ஆவணக் காப்பகம் இத்தனை வருஷமாகப் பரணில் இல்லை, அடுக்களையில் இருந்திருக்கிறது. ஒருத்தரும் கேட்கவில்லை. பூஞ்சை தின்ற மற்ற 13 படங்களின் பெயரை அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொன்றாகச் சொன்னோம். ஏழு படங்களுக்கு அம்மா கதை சொன்னாங்க. சிலதில் நடிகர் பெயர் தெரியாது, ஆனால் யார் என்ன புடவை, எந்த இடத்தில் அழுதாள் என்று சொல்லத் தெரிந்தது. 'காளிதாஸ்' பற்றி நமக்குத் தெரிந்ததும் இப்படிப் பார்த்தவர்களால் வந்ததுதானே? எடுத்து வைத்தவர்கள் வேண்டும், நாயர் மாதிரி. எடுத்து வைத்ததை உட்கார்ந்து பார்க்கிறவர்களும் வேண்டும், அம்மா மாதிரி. நானும் அப்பாவும் ரெண்டிலும் சேர்த்தி இல்லை, பட்டன் அழுத்தச் சொன்னவர்கள், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து திரும்பியதும் வருஷ வரிசையைக் கலைத்துவிட்டேன். ஷீட்டில் புதுசாக ஒரு காலம் சேர்த்திருக்கிறேன், 'யாரோடு' என்று. ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு அவங்க திருச்சியில், நான் இங்கே, ஒரே படம். முடிந்ததும் போன். அப்பா இடையில் தூங்கிவிடுகிறார், அம்மா கதை சொல்லிவிடுகிறார்.

317 இப்போது 309. போன வாரம் கடையில் பழைய டிவிடி தள்ளுபடி போட்டிருந்தான், நாலு வாங்கிவிட்டேன், ஆக 313. அவை என்னென்ன என்று... அப்புறம் சொல்கிறேனே. :-)